இடப்பக்கத்து ஸ்பீக்கர்

வெடித்த சத்தத்துக்கு முதலில் ஓடி வந்தது பக்கத்து வளவு நாய். அதன் பின்னால் சிவகரன், பாதி உரித்த தேங்காயோடு. தர்மபுரத்தில் 'டம்' என்று ஏதாவது வெடித்தால் இன்றைக்கும் ஆட்கள் முதலில் குனிந்துவிட்டுத்தான் என்ன ஏதென்று கேட்பார்கள். அவன் மனைவி பிரியந்தினி மேசைக்குக் கீழே குந்திக்கொண்டு இரண்டு கையாலும் காதைப் பொத்தியிருந்தாள்.

"என்னப்பா, உயிரோட இருக்கிறீரோ?"

அவள் விரலை மேலே நீட்டினாள். வலப்பக்கத்து ஸ்பீக்கரின் முதுகிலிருந்து நூல் போல ஒரு புகை எழும்பி, கூரை விசிறியில் சிக்கிக் கலைந்தது. மயிர் கருகிய நாற்றம்.

சிவகரன் மெயின் சுவிட்சை நிறுத்திவிட்டு வந்து, ஸ்பீக்கரைக் கவிழ்த்து, முதுகுத் தகட்டின் ஆணிகளைக் கழற்றினான். உள்ளே, பச்சைப் பலகையின் மேல், கரியால் கீறிய படம் மாதிரி ஒரு பல்லி ஒட்டியிருந்தது. நான்கு காலும் விரிந்தபடி.

இந்த வகை ஸ்பீக்கருக்கு அம்பிளிஃபயர் வேறாக இல்லை. பெட்டியின் முதுகுக்குள்ளேயே இருக்கும். பாட்டு ஓடாவிட்டாலும் மின்சாரம் இருக்கிறவரை அது இளஞ்சூடாகவே கிடக்கும். பல்லிக்கு அதைவிட நல்ல படுக்கை வேறென்ன? கால் ஒரு கம்பியிலும் வால் இன்னொரு கம்பியிலும் படுகிறவரை அதற்கு ஒரு குறையும் வராது. பட்டால், இரண்டு கம்பிக்கும் இடையில் அந்தச் சின்ன ஈர உடம்பே பாலமாகிவிடும்.

"வலப்பக்கம் பல்லி சொன்னா என்ன பலன் எண்டு பஞ்சாங்கத்தில கிடக்கு," என்றான் சிவகரன். "வலப்பக்கம் பல்லி வெடிச்சா என்ன பலன் எண்டு இல்லையே."

பிரியந்தினிக்குச் சிரிப்பு வரவில்லை.

வீட்டின் பின்னறைதான் அவளுடைய ஒலிப்பதிவுக் கூடம். சுவரெல்லாம் தடித்த பஞ்சு, ஒரு மைக், ஒரு கணினி, அதற்கு இரண்டு பக்கமும் இரண்டு ஸ்பீக்கர். கோயில் பாட்டு, மரண அறிவித்தல், கடைத் திறப்பு, மாடு தொலைந்த செய்தி எல்லாம் அங்கேதான் குரலாகும். சிவகரன் தன் ஓட்டோவின் தலையில் கட்டிய ஒலிபெருக்கியால் அவற்றை விசுவமடு வரைக்கும் கொண்டுபோவான். வெடிப்பு நடந்தபோது அவள் வெள்ளிக்கிழமை அம்மன் கோயில் பொங்கலுக்கான அறிவித்தலைப் பதிந்துகொண்டிருந்தாள். அதையும் இரண்டு தரம் நிறுத்தித் தொடங்கவேண்டியிருந்தது. வாய்க்காலுக்கு அங்கால் வயலில் யாரோ கிளி கலைக்கத் தகரம் அடித்துக்கொண்டிருந்தார்கள். டங், டங், டங். பஞ்சுச் சுவரையும் துளைத்துக்கொண்டு அது மைக்குக்குள் வந்துவிடும்.

யாரோ என்ன, போன வருடம் வரை அம்மன் கோயிலில் பாடின இராசமலர்தான். பிரியந்தினிக்கு அது தெரியும்.

"உதை எறிஞ்சு போட்டுப் புதுச் சோடி எடுப்பம்," என்றான் சிவகரன். "கிளிநொச்சிக் கடையில பழசைக் குடுத்தாப் புதுசில கழிச்சுத் தாறாங்களாம். ஆனா ரெண்டையும் குடுக்க வேணும். ஒற்றையா எடுக்கமாட்டாங்களாம்."

"இடது நல்லாத்தானே இருக்கு."

"அதாலதான் எடுப்பாங்கள். செத்ததை மட்டும் ஆர் எடுப்பான்?"

அவளுக்கும் புதுசில் ஆசை இல்லாமலில்லை. ஆனால் அந்தச் சோடியை வாங்கி ஐந்து வருடம். அவளுடைய காது அதற்குப் பழகியிருந்தது. கலியாண வீட்டு ஸ்பீக்கர் வேறு, இது வேறு. கலியாண வீட்டு ஸ்பீக்கர் வருகிற சத்தத்துக்குப் பவுடர் பூசி, பூ வைத்து அனுப்பும்; கேட்கிறவன் ஆடவேண்டும், அவ்வளவுதான் அதன் வேலை. கூடத்து ஸ்பீக்கர் எதையும் கூட்டாது, எதையும் குறைக்காது. பாடகர் மூச்சு விட்டது, உதடு பிரிந்தது, தொண்டை கரகரத்தது எல்லாம் அப்படியே வந்து விழும். அதைக் கேட்டுத்தான் இவள் பதிவைத் திருத்துவாள். ஒருவர் முகம் பார்க்கிற கண்ணாடியை மாற்றுவது லேசான காரியமில்லை.

முல்லைத்தீவில் ஷாமிலுக்கு அழைத்தாள். ஒலிபெருக்கிகளின் கிழிந்த காகிதம் மாற்றுவதில் மாவட்டத்திலேயே பேர் போன ஆள். புத்தளத்தில் இடம்பெயர்ந்து கிடந்த காலத்தில் கற்ற தொழில். சொந்த ஊருக்குத் திரும்பி வந்தும் விடவில்லை. அவளுக்கு அவர் நானா, அண்ணன் முறை.

"பல்லியோ? சரி, கொண்டு வாங்கோ தங்கச்சி. ரெண்டையும் கொண்டு வாங்கோ."

"இடது நல்லாயிருக்கு நானா. நல்லதை ஏன் பஸ்ஸில காவுவான்?"

"சோடியெண்டா ரெண்டும் ஒரே மாதிரிக் கத்த வேணும். வலதைத் திருத்திப் போட்டு நான் எதோட ஒத்துப் பாக்கிறது? உங்கட முகத்தோடயோ?"

*

அடுத்த நாள், புதன்கிழமை, காலை பஸ்ஸில் இடது ஸ்பீக்கரை மடியிலும் வலதைக் காலடியிலும் வைத்துக்கொண்டு அவள் இருந்தாள். கொண்டக்டர் மடியில் இருந்ததைப் பார்த்து, "பிள்ளைக்கு அரை ரிக்கெற்றோ அக்கா?" என்று கேட்டுவிட்டுப் போனான். பக்கத்து யன்னல் கண்ணாடி சட்டத்தில் சரியாக இறுகவில்லை. பஸ் மெல்லப் போகும்போது சத்தமில்லை. வேகமாகப் போகும்போதும் சத்தமில்லை. இரண்டுக்கும் நடுவில் ஒரு வேகம் வரும், அப்போது மட்டும் 'ர்ர்ர்' என்று பல் கூசும்படி அதிரும். புதுக்குடியிருப்பு வரைக்கும் அவள் அதை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டே போனாள். அழுத்தினால் நின்றுவிடும்.

ஷாமிலின் கடை சந்தைக்குப் பின்னால், ஒரு தகரக் கொட்டகை. அவர் வலது ஸ்பீக்கரின் பல்லியைச் சாவணத்தால் கிள்ளி எடுத்து, "இன்னாலில்லாஹி," என்று இறந்தவர்களுக்குச் சொல்வதைச் சொல்லிக் குப்பையில் போட்டார். "ரெண்டு சாமான் எரிஞ்சிருக்கு. என்னட்ட இருக்கு. பின்னேரத்துக்குள்ள கத்தும். இப்ப மற்றவரைப் பாப்பம்."

"அது நல்லதுதானே நானா."

"நல்லவரைத்தான் முதல் கேக்க வேணும். அப்பத்தான் கெட்டவர் எவ்வளவு கெட்டவர் எண்டு தெரியும்."

அவர் இடதை மேசையில் வைத்து, போனிலிருந்து ஒரு வயரைச் செருகினார். அவருடைய சோதனை மிகச் சாதாரணமானது. ஒரே ஒரு சத்தம், மிகத் தாழ்ந்த இடத்தில் தொடங்கி, இடைவெளியில்லாமல் மெல்ல மெல்ல மேலே ஏறிக்கொண்டே போகும். பாட்டில் ஆயிரம் சத்தம் ஒன்றையொன்று மறைத்துக்கொள்ளும். தனிச் சத்தத்துக்கு மறைய இடமில்லை. ஸ்பீக்கரில் எங்கே ஊனம் இருக்கிறதோ, சத்தம் அந்தப் படியில் கால் வைக்கும்போது அது காட்டிக்கொடுத்துவிடும்.

மாடு முனகுவது போல 'ஊ' என்று தொடங்கியது. ஏறியது. ஆண் குரலின் உயரம் கடந்தது, பெண் குரலின் உயரத்துக்கு வந்தது. வழுவழுவென்று, எண்ணெய் தடவின மாதிரி. பிரியந்தினி வெற்றியோடு ஷாமிலைப் பார்த்தாள்.

அப்போதுதான் அது வந்தது. 'ர்ர்ர்.'

ஒரு கணம்தான். சத்தம் அந்த இடத்தைத் தாண்டியதும் மறுபடி வழுவழுப்பு.

ஷாமில் போனில் விரலை வைத்துச் சத்தத்தைக் கீழே இறக்கினார். ஒன்றுமில்லை. ஏற்றினார். 'ர்ர்ர்.' அங்கேயே நிறுத்திப் பிடித்தார். கொட்டகை முழுக்க ஒரு கரகரப்பு நின்றது.

பிரியந்தினி கதிரையிலிருந்து எழும்பிவிட்டாள். எழும்பினது அவளுக்கே தெரியவில்லை.

அந்தக் கரகரப்பை அவளுக்குத் தெரியும். சும்மா தெரியும் என்றில்லை. போன ஆடியில் ஒரு மாதம் அதோடேயே அவள் குடியிருந்திருக்கிறாள். அது இராசமலரின் தொண்டைக் கரகரப்பு.

"நிப்பாட்டுங்கோ... இல்லை, போடுங்கோ. திருப்பிப் போடுங்கோ நானா."

"என்ன தங்கச்சி, முகம் வெளிறிப் போச்சு? தண்ணி குடிக்கிறியளோ?"

அவள் அந்தச் சத்தத்தோடு சேர்ந்து மெல்ல முனகிப் பார்த்தாள். ஐந்து கட்டைச் சுருதி. மேல் ஸ்தாயிப் பஞ்சமம். அம்மன் பாட்டின் உச்சியில் இராசமலர் போய் நிற்கிற அதே இடம். மயிரிழைகூடப் பிசகவில்லை.

ஷாமில் டோர்ச்சை அடித்து, ஸ்பீக்கரின் முகத்துக்கு மூக்கை வைத்துப் பார்த்தார். கறுப்புக் காகிதக் கூம்பின் நட்ட நடுவில், கவிழ்த்த கிண்ணம் மாதிரி இருக்கும் சின்ன மூடியில், ரூபாய் நாணயக் குற்றி அகலத்துக்கு மஞ்சளாகவும் அதன் நடுவில் சிவப்பாகவும் எதுவோ படை படையாகக் காய்ந்திருந்தது.

"இதென்ன? குழம்பு தெறிச்சதோ?"

"சந்தனம்," என்றாள் அவள். "சரஸ்வதி பூசைக்கு வைச்சது."

"ஸ்பீக்கருக்கோ?"

"எல்லாத்துக்கும் வைக்கிறனாங்கள். மைக்குக்கு, கணினிக்கு, சிவகரன்ர ஓட்டோவுக்கு... ஸ்பீக்கர் சோடிக்கு ஒரு பொட்டுப் போதுமெண்டு இதுக்கு மட்டும். நெற்றி மாதிரி இருந்தது, நடுவில வைச்சன்."

"எத்தினை வருஷம்?"

"அஞ்சு. பழைய பொட்டை அழிக்கக் கூடாது எண்டு அதுக்கு மேல மேல..."

ஷாமில் வாய்விட்டுச் சிரித்தார். "யா அல்லாஹ்! ஸ்பீக்கருக்குள்ள நான் கரப்பான் கண்டிருக்கிறன், எலிக்குட்டி கண்டிருக்கிறன். ஒரு கலியாண வீட்டுப் பெட்டிக்குள்ள மாப்பிள்ளையின்ர சித்தப்பா ஒளிச்சு வைச்ச சாராயப் போத்தல் கண்டிருக்கிறன். பொட்டு வைச்ச ஸ்பீக்கர் இண்டைக்குத்தான் தங்கச்சி..." என்று தொடங்கியவர், அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திவிட்டார்.

பிறகு ஒரு ஈர்க்கை எடுத்து அந்த மூடியின் விளிம்பை மெல்லத் தொட்டுக் காட்டினார். விஷயம் இதுதான். ஸ்பீக்கரின் பின்னால் ஒரு காந்தம். காந்தத்தின் இடுக்கில் ஒரு கம்பிச் சுருள். பாட்டு மின்சாரமாக வந்து சுருளை முன்னும் பின்னும் ஆட்டும். சுருள் தன்னோடு ஒட்டிய காகிதக் கூம்பை ஆட்டும். கூம்பு காற்றைத் தள்ளும். அந்தக் காற்றுத்தான் நம் காதில் பாட்டு. நடுவிலுள்ள மூடி தூசி உள்ளே போகாமல் காக்கிறது. அதுவும் காகிதம்தான், விளிம்பில் மெல்லிய பசை. சந்தனம் ஈரமாக வைக்கப்படுகிறது. ஈரம் காகிதத்தில் ஊறிப் பசையை நெகிழ்த்துகிறது. காயும்போது சந்தனம் சுருங்கிக் காகிதத்தைத் தன் பக்கம் இழுக்கிறது. ஒரு தரம் வைத்தால் ஒன்றும் ஆகாது. வருடா வருடம் ஊறி, இழுத்து, ஊறி, இழுத்து, நக அகலத்துக்கு விளிம்பு விட்டுப்போயிருந்தது.

"இந்த விட்டுப்போன துண்டுக்கெண்டு ஒரு சுரம் இருக்கு," என்றார் ஷாமில். "அந்தச் சுரம் வந்தா மட்டும் துடிக்கும். மற்ற நேரம் நல்ல பிள்ளை."

"பஸ் யன்னல் மாதிரி," என்றாள் பிரியந்தினி.

"அதேதான். உங்களுக்கு வாறது ஆம்பிளையளின்ர பாட்டும் வாசிக்கிற அறிவித்தலும். அதுகள் அந்த உயரத்தை மிதிக்காது. மிதிச்ச ஆள் ஒராள்தானெண்டா..." அவர் ஈர்க்கைக் கீழே வைத்தார். "ஆரோ ஒராள் மிதிச்சிருக்கினம், என்ன?"

அவள் தலையாட்டினாள்.

"ஒரு நாளும் வலதை நிப்பாட்டிப் போட்டு இடதைத் தனியக் கேக்கேல்லையே? இடம் வலம் மாத்திப் பாக்கேல்லையே?"

"இல்லை நானா."

அதைச் செய்ய அரை நிமிடம்கூட ஆகாது. இரண்டு வயரைப் பிடுங்கி மாற்றிச் செருகவேண்டும், அவ்வளவே. ஒரு மாதம் அந்தக் கதிரையில் இருந்தவளுக்கு ஏன் தோன்றவில்லை? குரலைச் சந்தேகித்தாள். மைக்கைச் சந்தேகித்து இரண்டு தரம் மாற்றினாள். ஸ்பீக்கரை மட்டும் சந்தேகிக்கவில்லை.

இராசமலர் அப்போது சொன்னது ஒவ்வொரு சொல்லாகத் திரும்பி வந்தது. பாடும்போது காதில் ஹெட்போன் போட்டிருந்தவர் அவர். "எனக்கு வடிவாத்தானே கேட்டது பிள்ளை?" என்று கேட்டார். பிரியந்தினி, தொழில் தெரிந்தவளின் பொறுமையோடு, விளக்கம் கொடுத்தாள். ஹெட்போன் எல்லாவற்றையும் அழகாக்கிப் போடும் அக்கா. ஸ்பீக்கர்தான் உண்மை சொல்லும். உங்கட குரலில கரகரப்பு வந்திட்டுது. வயதும் போகுதுதானே.

அதோடு விட்டாளா? அந்தக் கரகரப்பை மறைக்க, அந்தச் சுரம் வருமிடமெல்லாம் கணினியில் குரலை அழுத்தித் தாழ்த்தினாள். இல்லாத நோய்க்கு மருந்து. பாட்டு வெளியே வந்தபோது இராசமலர் போர்வைக்குள் இருந்து பாடின மாதிரி இருந்தது. கோயிலடியில் கேட்ட சனம் முழுக்க, "ஐயோ, மலரின்ர குரல் போயிட்டுது," என்றது. இருபது வருடமாக அந்தப் பொங்கலுக்குப் பாடினவர், இந்த வருடம் தன் பேரைப் போட வேண்டாம் என்று தானே சொல்லி அனுப்பினார். யாழ்ப்பாணத்துக்குப் போய்த் தொண்டையைக் காட்டினார். ஒன்றுமில்லை என்ற டொக்டரை நம்பாமல், ஏதோ பெரிய நோயை மறைக்கிறார்கள் என்று எண்ணித் திரும்பி வந்து, மிச்சமிருக்கிற குரலாவது நிற்கட்டும் என்று சத்தமாகக் கதைப்பதையே விட்டார்.

கிளி கலைக்கவும் குரல் எடுக்காமல், தகரம் அடித்தார்.

அந்தத் தகரத்தின் மீது எரிச்சல்பட்டுத்தான் நேற்றுப் பிரியந்தினி பதிவை இரண்டு தரம் நிறுத்தினாள்.

"என்ன செய்வம்?" என்றார் ஷாமில், மெதுவாக. "சுரண்டி, திருப்பி ஒட்டலாம், ஒரு இரவு காய வேணும். கூம்பையே மாத்தலாம், ஆனா பிறகு வலதும் இடதும் ஒரே மாதிரிக் கத்துமெண்டு நான் சத்தியம் பண்ண மாட்டன். இல்லையெண்டாப் புதுசு."

அந்த நேரம் பார்த்துச் சிவகரனின் அழைப்பு வந்தது. கிளிநொச்சிக் கடையில் கேட்டுவிட்டானாம். பின்னேரம் இரண்டையும் கொண்டுபோய்க் கொடுத்தால், நாளைக்கே புதுச் சோடி.

அவள் நடந்ததைச் சொன்னாள். மறுமுனையில் அவன் ஓட்டோ எஞ்சினை நிறுத்துவது கேட்டது.

"இஞ்ச பாரும்," என்றான் சிவகரன். "இது ஒருத்தருக்கும் தெரியத் தேவையில்லை. ரெண்டையும் குடுத்திட்டு வந்திடும். பழுது அங்கயே போயிடும். காது பிழைச்ச ஆளிட்ட இனி ஆரப்பா பாட்டுக் குடுப்பினம்?"

அவன் சொன்னதில் பொய் இல்லை. அவள் விற்பது குரலையோ கணினியையோ இல்லை. நான் கேட்டுச் சொன்னால் சரியாக இருக்கும் என்ற நம்பிக்கை ஒன்றைத்தான். கடைக்காரன் அந்த ஸ்பீக்கரை எடுத்து உள்ளே வைத்தால், உலகத்தில் அந்தக் கரகரப்புக்கு வேறு சாட்சி இல்லை. இராசமலரின் தொண்டையைத் தவிர.

"குடுக்கேல்லை," என்றாள். "வலதைத் திருத்துவம். இடது இப்பிடியே வரட்டும்."

"பழுதெண்டு தெரிஞ்ச பிறகுமோ?"

"பழுதாத்தான் வேணும்."

போனை வைத்துவிட்டு ஷாமிலிடம் திரும்பினாள். "இடதில கை வைக்காதேங்கோ நானா. ஒராளுக்குக் காட்டிப் போட்டுக் கொண்டு வாறன்."

*

வியாழன் காலை, இராசமலரின் வீட்டு விறாந்தையில் இரண்டு ஸ்பீக்கரையும் வைத்து, மடிக்கணினியைச் செருகினாள். இராசமலர் வயலில் இருந்து சேற்றுக் காலோடு வந்தார். ஐம்பத்தைந்து வயது, கழுத்தில் இந்த வெயிலிலும் ஒரு துவாய் சுற்றியிருந்தது. கையில் தகரமும் தடியும்.

"என்ன பிள்ளை இது, வீட்டையே கொண்டு வந்திருக்கிறாய்?" ரகசியம் பேசுகிற குரல்.

"மலரக்கா, இருங்கோ. நான் ஒரு பிழை விட்டிட்டன். உங்களுக்குக் குரல் போகேல்லை."

இராசமலர் அவளைப் பார்த்த பார்வையில் கொஞ்சம் இரக்கம் இருந்தது. "நாளைக்குப் பொங்கல் எண்டு ஆறுதல் சொல்ல வந்தனியோ? வேண்டாமடி பிள்ளை. நான் பழகிட்டன்."

போன வருடத்துப் பதிவு, பிரியந்தினி கை வைக்காத மூலப் பதிவு, கணினியில் அப்படியே கிடந்தது. அதை எடுத்து, இடதை நிறுத்தி, வலதில் மட்டும் விட்டாள்.

பாட்டு தாழ்வில் தொடங்கிப் படி ஏறி, உச்சிக்குப் போய், அந்தப் பஞ்சமத்தில் நின்றது. சுத்தமாக, நடுங்காமல், வெயில் மாதிரி நின்றது.

இராசமலர் தலையைச் சரித்துக் கேட்டார். "வடிவாப் பாடுது. ஆர் பிள்ளை இது?"

தன் குரலை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. ஒரு வருடமாக அவர் கேட்டதெல்லாம் போர்வைக்குள் இருந்த அந்தப் பாட்டைத்தான்.

"நீங்கள் அக்கா. போன ஆடி. என்ர அறையில."

தகரம் விறாந்தைச் சீமெந்தில் விழுந்து உருண்டது.

பிறகு இடதில் விட்டாள். அதே பாட்டு, அதே படி, உச்சியில் 'ர்ர்ர்'. இராசமலரின் கை தானாகத் தொண்டைக்குப் போனது. பிரியந்தினி அந்த இடத்தையே திரும்பத் திரும்ப ஓடவிட்டு, பொட்டு வைக்கிற மோதிர விரலால் மூடியின் விளிம்பை மெல்லத் தொட்டாள். கரகரப்பு நின்றது. விரலை எடுத்தாள். வந்தது.

"தள்ளு," என்றார் இராசமலர்.

சேறு காய்ந்த தன் விரலை வைத்தார். சுத்தம். எடுத்தார். 'ர்ர்ர்.' வைத்தார். எடுத்தார். ஐந்தாறு தரம். பிறகு அந்த மஞ்சள் படையைக் கிட்டப் போய்ப் பார்த்தார்.

"சந்தனமோடி?"

"ஓம் அக்கா. நான் வைச்ச பொட்டு."

இராசமலர் திட்டுவார், அழுவார் என்று பிரியந்தினி எதிர்பார்த்தாள். அவர் சுவரோடு சாய்ந்து, கழுத்துத் துவாயை மெல்ல அவிழ்த்து மடியில் வைத்தார்.

"எனக்கு வடிவாக் கேட்டது எண்டு சொன்னனான். நீ என்ன சொன்னனீ? சொல்லு."

சொல்லவேண்டியிருந்தது. "ஸ்பீக்கர்தான் உண்மை சொல்லும் எண்டு."

"டொக்டர் ஒண்டுமில்லையெண்டவர். படிச்ச மனிசன். அந்தாளை நான் நம்பேல்லை. உன்னை நம்பினன்." குரல் இன்னும் ரகசியமாகவே இருந்தது; பழக்கம். "ஒரு வருஷம் பிள்ளை. பேத்தி பிறந்து எட்டு மாதம். ஒரு தாலாட்டுப் பாடேல்லை."

பிரியந்தினி தலையை நிமிர்த்தவில்லை.

"நாளைக்குப் பாடுறனோ இல்லையோ, அதை நான் பாக்கிறன். நீ முதல் இதைச் சொல்லு. எனக்கில்லை. மலரின்ர குரல் போச்செண்டு கதைச்ச சனத்துக்கு. உன்ர மனிசன்ர ஓட்டோவில, ஒரு ஒழுங்கை விடாமல்."

"சொல்லுறன் அக்கா."

"உன்ர பேரோட."

"என்ர பேரோட."

அப்போது வயலில் கிளிக்கூட்டம் இறங்கியது. பச்சையாக ஒரு முப்பது நாற்பது, முற்றின கதிரில் வந்து தொங்கின. இராசமலர் பழக்கத்தில் தகரத்தைத் தேடிக் குனிந்தார். எடுத்தார். கையில் கொஞ்ச நேரம் வைத்திருந்தார். பிறகு அதைத் தூணடியில் கவிழ்த்து வைத்துவிட்டு, விறாந்தைப் படியில் இறங்கி நின்றார். வாயைத் திறந்தார், ஒன்றும் வரவில்லை. செருமினார். வெறும் காற்றுத்தான் வந்தது.

"பயமாக் கிடக்கு," என்றார், திரும்பாமல்.

கிளிகள் கதிரை உருவிக்கொண்டிருந்தன. பிரியந்தினி ஸ்பீக்கர்களைத் தூக்கிக்கொண்டு படலையால் வெளியே வந்தபோதும் பின்னால் ஒரு சத்தமும் இல்லை. தகரமும் இல்லை.

*

பத்து மணி பஸ்ஸில் கொண்டக்டரிடம் இடது ஸ்பீக்கரை ஒப்படைத்தாள். முல்லைத்தீவில் ஷாமில் வந்து எடுப்பார், சுரண்டி ஒட்டுவார். வலதை மட்டும் மேசையில் வைத்து, மைக்கின் முன்னால் இருந்தாள். சிவகரன் வாசலில் நின்று பார்த்தான். கொஞ்ச நேரத்தில் போய் ஓட்டோவின் ஒலிபெருக்கியைத் துடைக்கத் தொடங்கினான். அதன் வாயிலும் ஒரு பொட்டு இருந்தது. அதை நகத்தால் சுரண்டினான்.

"தர்மபுரம் வாழ் மக்களுக்கு ஓர் அறிவித்தல்," என்று தொடங்கினாள். தன் பேரைச் சொன்னாள். கடந்த வருடம் வெளியான அம்மன் பாடல்களில் பழுது இராசமலரின் குரலில் இல்லை, தன் ஸ்பீக்கரில் இருந்தது, அதைக் கண்டுபிடிக்கத் தவறியது தானே என்று, மாடு தொலைந்த செய்தி வாசிக்கிற அதே தெளிவான குரலில் வாசித்தாள். இரண்டாவது வசனத்தின் நடுவில், வாய்க்காலுக்கு அங்காலிருந்து ஏதோ கேட்டது.

முதலில் ஒரு உடைந்த 'ஏ'. பிறகு இன்னொன்று, கொஞ்சம் நீளமாக. பிறகு, படி ஏறுகிற மாதிரி, "ஏஏ... ஹூஊஊ" என்று ஒரு நீண்ட கூவல், ஏறி, ஏறி, அந்த உச்சியில் போய் நின்றது. பஞ்சுச் சுவரைத் துளைத்துக்கொண்டு அது மைக்குக்குள் இறங்கியது. திரையில் அவளுடைய குரலின் கோட்டுக்குப் பக்கத்தில் இன்னொரு கோடு சின்னதாக எழும்பியது.

பிரியந்தினியின் விரல் நிறுத்துகிற பொத்தானுக்குப் பழக்கத்தில் போய், அதன் மேலேயே நின்றது. அழுத்தவில்லை. அடுத்த வசனத்தை வாசித்தாள்.